மருத்துவர் எழுதிய மருந்தைப் பாதுகாப்பாக உட்கொள்வது எப்படி? குமரி மாவட்ட மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம் பகுதியில் மருந்தாளுநராக வேலை பார்க்கும் நான், கடைக்கு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், கேட்க வேண்டியிருந்தும் கூச்சத்தால் கேட்காமல் போகும் சில கேள்விகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உங்களைப் பரிசோதித்த மருத்துவர் இதற்கு மாறாக ஏதேனும் சொல்லியிருந்தால் அவர் சொல்லையே கேளுங்கள். உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தவர் அவர், நான் பார்க்கவில்லை.

சீட்டில் 1-0-1 என்று எழுதியிருக்கிறது. அதற்கு என்ன பொருள்?

காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்பது பொருள். இதில் சிக்கல் எதுவும் இல்லை என்று தோன்றும். ஆனால், இந்த மூன்று எண்களை எழுதும்போது உங்கள் நாள் ஏழெட்டு மணிக்குக் காலை உணவோடு தொடங்குகிறது என்று மருத்துவர் எண்ணிக்கொள்கிறார். ரப்பர் பால்வெட்டப் போகிறவருக்கோ நாள் மூன்று மணிக்கே தொடங்கிவிடுகிறது. ஒரு கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தால், பால் எடுத்து முடித்து அவர் சாப்பிட உட்கார எப்படியும் பத்து மணியாகிவிடும். கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையைச் சாயாவோடு போட்டுக்கொண்டு அவர் கிளம்பினால், ஏழு மணியளவில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருட்டி மரத்தடியில் உட்கார்ந்துவிட நேரும். ‘காலை’ என்று சீட்டில் இருப்பதை அவர் ‘முதல் உணவு’ என்றே படிக்க வேண்டும். எத்தனை மணிக்கு எழுவீர்கள், எப்போது சாப்பிடுவீர்கள் என்று மருத்துவர் கேட்காவிட்டால், நீங்களாகவே சொல்லுங்கள்.

இன்னொரு மருந்துக்கு இதைவிடக் கூடுதலான கவனம் வேண்டும். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸ் தோல் நோய்க்கும் எழுதப்படும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். நாள்தோறும் சாப்பிட்டவர்கள் எலும்பு மச்சை செயலிழந்து இறந்திருக்கிறார்கள். அதோடு சேர்த்துத் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் சிறிதாகவே இருப்பதால், இரண்டும் மாறிப்போக வாய்ப்பு அதிகம். எங்கள் கடையில் அந்த அட்டையின் மேல் ‘ஞாயிறு மட்டும்’ என்று கிழமையையே பேனாவால் எழுதிக் கொடுக்கிறோம். உங்கள் கடையிலும் அப்படி எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

மாத்திரை அட்டையில் இருக்கும் சிவப்புக் கோடு எதற்கு?

மருத்துவரின் சீட்டு இல்லாமல் அந்த மருந்தை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்பதற்கான அடையாளம் அது. ஆன்டிபயாடிக்குகளைக் கண்டபடி சாப்பிடும் வழக்கத்தைக் குறைப்பதற்காக, 2016-இல் மத்திய சுகாதார அமைச்சகம் இந்தக் கோட்டைப் பற்றிப் பரவலாக விளம்பரம் செய்தது. சில அட்டைகளில் சிவப்புக் கட்டம் கட்டிய எச்சரிக்கை இருக்கும். அவை ‘எச்1’ என்னும் அட்டவணையைச் சேர்ந்தவை; இந்த அட்டவணை 2014-இல் நடைமுறைக்கு வந்தது. அவற்றை விற்கும்போது, எழுதிய மருத்துவர், வாங்கும் நோயாளி ஆகியோரின் பெயரைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். எனவே கடையில் உங்கள் பெயரைக் கேட்டால் கோபப்படாதீர்கள். சீட்டே கேட்காமல் எடுத்து நீட்டும் கடைகளும் இருக்கின்றன என்பதை, அதே தொழிலில் இருக்கும் நான் மறைக்கப் போவதில்லை. அந்த வசதியால் உங்களுக்கு நன்மை எதுவும் இல்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவர், நாகர்கோவிலில் ஒரு மருத்துவர். இரண்டு பேர் எழுதியதையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

நம் மாவட்டத்துக்கே உரிய கேள்வி இது. இதயத்துக்கும் மூளைக்கும் கேரள எல்லையான களியக்காவிளை தாண்டிப் போவோம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ளூர் மருத்துவரையோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ நாடுவோம். மூட்டு வலிக்கு வர்ம வைத்தியரான ஆசானிடம் போவோம். போதாததற்கு வளைகுடாவிலிருந்து மகன் அனுப்பிய டப்பா ஒன்றும் அலமாரியில் இருக்கும். ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரியாகவே எழுதியிருப்பார்கள். ஆனால், மொத்தத்தையும் ஒருசேரப் பார்த்தவர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

மலையோரத்திலிருந்து வந்த ஒரு அம்மச்சி, எழுந்தால் தலை சுற்றுகிறது என்று சொல்லிச் சத்து டானிக் கேட்டார். கையில் துணிக்கடைப் பை ஒன்று வைத்திருந்தார். அதில் இருப்பதைக் காட்டச் சொன்னதும் மேசையில் கொட்டினார். ஒன்பது அட்டைகள் விழுந்தன. அவற்றில் இரண்டு அட்டைகளில் பெயர் வேறு, நிறம் வேறு, கம்பெனி வேறு. பெயருக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்ததோ இரண்டிலும் ஒன்றுதான்: டெல்மிசார்ட்டான் 40 மி.கி. எல்லைக்கு அப்பால் எழுதியது ஒன்று, இங்கே எழுதியது இன்னொன்று. மூன்று மாதங்களாக அவர் இரட்டை அளவு சாப்பிட்டு வந்திருக்கிறார். மூன்றாவது அட்டையில் மூட்டு வலிக்கான டைக்ளோஃபினாக் இருந்தது. ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்த்து நாள்தோறும் சாப்பிட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து அது. அவரிடம் டானிக்குக்குப் பணம் வாங்காமல், பையோடு அவருடைய மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன்.

எனவே, பளிச்சென்று பெரிதாக இருக்கும் வணிகப் பெயரைப் பார்க்காதீர்கள். அதன் கீழ் இருக்கும் மருந்தின் பெயரையும் மி.கி. அளவையும் பாருங்கள். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினாலும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுத்தாலும், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சாப்பிடத் தொடங்குங்கள். ஒரு தாளில் எல்லா மருந்துகளின் பெயரையும் எழுதி ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளலாம். எழுத முடியாதவர்கள் அட்டைகளைப் பையோடு எடுத்துக்கொண்டு போனாலே போதும். கண் சொட்டு மருந்து, தடவும் களிம்பு, கஷாயம், தூக்க மாத்திரை ஆகியவையும் அந்தப் பையில் இருக்க வேண்டும்.

எதைச் சாப்பாட்டுக்கு முன் சாப்பிடுவது, எதைப் பின் சாப்பிடுவது? பாலோடு சாப்பிடலாமா?

தைராய்டு மாத்திரையான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் சாயாகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிச் சாப்பிட வேண்டும். சிப்ரோஃப்ளோக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்கைப் பாலோடும் வயிற்றெரிச்சலுக்கான சிரப்போடும் சேர்த்தால், மருந்தின் ஒரு பகுதி உடம்பில் சேராமலேயே வெளியேறும். வலி மாத்திரைகளைச் சாப்பிட்ட பிறகே போட வேண்டும். மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களிலும், முடித்த பின் மூன்று நாட்கள் வரையிலும் மதுவைத் தொடக்கூடாது. இதய வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள், ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரையைச் சாப்பிடவே கூடாது. ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். கூச்சப்பட்டு யாரும் கேட்காத கேள்விகளில் இது முதலாவது.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளைக்கான நேரம் நெருங்கிவிட்டால், மறந்ததை விட்டுவிட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது. வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, கருத்தடை மாத்திரை ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. அவற்றை வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பு சரியாகிவிட்டது. மருந்தை நிறுத்திவிடலாமா?

ரத்த அழுத்தம் 120/80 என்று வந்துவிட்டதால் மாத்திரை இனி தேவையில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: குடை பிடித்திருப்பதால் நனையவில்லை, மழை நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டைச் சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு சுரக்காமல் மயங்கி விழ நேரிடும். மருத்துவர் சொல்லும் படிகளில் குறைத்துக்கொண்டே வரவேண்டும். வலிப்பு மருந்தும் அப்படியே. ஆன்டிபயாடிக்கை எழுதிய நாள் வரை சாப்பிட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை எடுத்து வைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது உதவி ஆகாது.

பக்க விளைவு எல்லாருக்கும் வருமா? எதற்குப் பயப்பட வேண்டும்?

உள்ளே தரப்படும் தாளில் நாற்பது பக்க விளைவுகள் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு மருந்தையே விட்டவர்கள் உண்டு. அவற்றில் பல அரிதானவை. அடிக்கடி வருபவற்றைத் தெரிந்துகொண்டால் அச்சம் குறையும். மெட்ஃபார்மின் தொடங்கிய முதல் சில வாரங்களில் வயிறு பொருமும், பேதியாகும். சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் பெரும்பாலும் தணிந்துவிடும். அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். எனாலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுபவர்கள் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அதற்கு மாதக்கணக்கில் இருமல் சிரப் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவர் மாத்திரையை மாற்றினால் அந்த இருமல் சில வாரங்களில் போய்விடும். இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வலி மாத்திரையோ ஆஸ்பிரினோ சாப்பிடுபவருக்கு மலம் தார் போலக் கறுத்து ஒட்டும் தன்மையோடு போனால், வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று கொள்ள வேண்டும். கறுப்பு ஒன்றுதான், இரும்பு மாத்திரை சாப்பிடாதவருக்கு அது ஆபத்தின் அறிகுறி.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள் வேறு. மருந்து சாப்பிட்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ உதடு, நாக்கு, முகம் வீங்குவது, மூச்சு இழுப்பது, உடம்பெங்கும் தடித்துக்கொண்டு தலை சுற்றுவது ஆகியவை கடுமையான ஒவ்வாமையின் அறிகுறிகள். அப்போது 108-ஐ அழைக்க வேண்டுமே தவிர, வீட்டில் சீரகத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. இன்னொரு வகை, மருந்து தொடங்கி ஒன்றிரண்டு வாரங்கள் கழித்து வரும். காய்ச்சல், கண் சிவப்பு, வாயிலும் பிறப்புறுப்பிலும் புண், தோல் வெந்தது போலக் கொப்பளித்து உரிவது என்று அது வளரும். வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிட்டாய்ன், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்துக்கான அலோபூரினால், ஆன்டிபயாடிக்கான கோட்ரைமாக்சசோல் ஆகியவற்றால் இது வருவதுண்டு. அம்மை என்று நினைத்து வேப்பிலையில் படுக்க வைத்து நாட்களைக் கடத்தியதால் கண் பார்வை போனவர்கள் இருக்கிறார்கள். புதிதாக ஒரு மருந்து தொடங்கி இரண்டு மாதங்களுக்குள் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால், அம்மையா மருந்தா என்ற முடிவை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். மாதவிடாய் வலிக்கு வீட்டுக்கு வீடு வாங்கும் மெஃபனமிக் அமில மாத்திரைக்கும் இப்படி ஒரு கடுமையான எதிர்வினை உண்டு என்று 2023 நவம்பர் இறுதியில் இந்திய மருந்தியல் நூல் ஆணையம் எச்சரித்தது. அது மிக அரிதாக வருவது என்றாலும், கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் மாத்திரையாக அதை இனி நினைக்கக் கூடாது.

ஒருமுறை ஒவ்வாமை வந்த மருந்தின் பெயரை எழுதி வைத்து, வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். ‘ஏதோ வெள்ளை மாத்திரை, அது ஒத்துக்காது’ என்று சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது.

எலிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மாத்திரை நெஞ்சை எரிக்கிறதே?

டாக்சிசைக்ளினைத்தான் சொல்கிறீர்கள். மழைக்காலத்தில் வயலிலும் சேற்றிலும் வேலை செய்பவர்களுக்கு, முன்தடுப்பாக வாரம் ஒருமுறை அதைக் கொடுப்பதுண்டு. ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்தால், மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே புண்ணாக்கும். ஒரு பெரிய தம்ளர் தண்ணீரோடு, சாப்பிட்ட பின் விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வெயிலில் தோல் எளிதில் கருகும் என்பதால், கடலில் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது வழக்கமாகக் கொடுப்பதில்லை; வளரும் பற்களில் மஞ்சள் கறை படியும்.

ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் மருந்தை எப்படி வைத்துக்கொள்வது?

தூத்தூர் பக்கத்து விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் கிடக்கின்றன. திரும்பும் நாள் தள்ளிப்போகும் என்று கணக்கிட்டு, ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு ஆகியவற்றின் மருந்துகளைக் குறித்த நாட்களைவிடப் பத்து நாட்களுக்கு அதிகமாகவே கொண்டுபோக வேண்டும். இன்சுலினை மீனுக்கான ஐஸ் அறையில் வைக்கும் தவறு அடிக்கடி நடக்கிறது. ஐஸோடு ஒட்டிக் கிடந்து உறைந்த இன்சுலின் உருகிய பின் பார்க்க முன்போலவே இருக்கும். ஆனால் வேலை செய்யாது. பிரிக்காத குப்பி 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளது பெரும்பாலும் அறை வெப்பத்திலேயே நான்கு வாரங்கள் தாங்கும். 2017-இல் ஒக்கிப் புயலுக்குப் பின் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, மண்பானையை ஈர மணலில் வைத்து, உள்ளே நனையாமல் இன்சுலினை வைத்துக் காப்பாற்றியவர்கள் உண்டு. அது நல்ல முறைதான்.

சளிக்கும் அரிப்புக்கும் போடும் குளோர்ஃபெனிரமின், செட்டிரிசின், கடல் மயக்கத்துக்கான புரோமெதசின் எல்லாம் தூக்கம் வரவழைக்கும். சுக்கான் பிடிப்பவர், பைக் ஓட்டுபவர், பால்வெட்டுக் கத்தி பிடிப்பவர் ஆகியோர் தூக்கம் குறைவாக வரும் மாற்று மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

வர்ம வைத்தியமும் சித்த மருந்தும் எடுக்கிறேன். அலோபதி மருத்துவரிடம் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். அவர் கடிந்துகொள்வார் என்று பயந்து மறைப்பதுதான் ஆபத்து. அதிமதுரம் நெடுநாள் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் கூடும், உடம்பில் பொட்டாசியம் குறையும். ரத்த அழுத்த மாத்திரையின் வேலையை அது கெடுக்கும். அரிஷ்டங்களில் புளிக்கும்போது தானாக உண்டாகும் மதுச்சாரம் உண்டு என்பதால், மெட்ரோனிடசோலோடு சேர்க்கக் கூடாது. பாதரசம், ஈயம் சேர்ந்த மருந்துகளை முறையாகப் படித்த வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று நம் நாட்டுச் சட்டமே சொல்கிறது. கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கும் மாவட்டம் இது; கேட்டுத் தெளிய இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது, பெயரில்லாத பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கப்படும் பொடியும் மாத்திரையும்தான். மூட்டு வலியோ மூச்சிரைப்போ இரண்டே நாளில் அதிசயமாகப் போய், பசி கூடி, மாதங்கள் போகப் போக முகம் உருண்டு சர்க்கரையும் ஏறினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். பெயர் எழுதாத மருந்து எந்த முறையைச் சேர்ந்ததானாலும் வாங்காதீர்கள்.

கர்ப்பம் என்று தெரியாமல் மாத்திரை சாப்பிட்டுவிட்டேன். குழந்தைக்கு என்ன ஆகும்?

கண்கலங்கியபடி கேட்கப்படும் கேள்வி இது. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான மருந்துகளில், ஒன்றிரண்டு நாட்கள் சாப்பிட்டதால் குழந்தைக்குக் குறை வந்துவிடுவதில்லை. மாத்திரையின் பெயர், அளவு, சாப்பிட்ட தேதி, கடைசி மாதவிடாய் தேதி ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். பயத்தில் கருவைக் கலைக்க மருந்துக்கடையில் மாத்திரை கேட்காதீர்கள். கருப்பைக்குப் பதிலாகக் கருக்குழாயில் கரு தங்கியிருந்தால் அந்த மாத்திரை பயன்படாது. குழாய் வெடித்து ரத்தம் உள்ளே கொட்டும்வரை தெரியாமல் போகும்.

அதே சமயம், காலம் முக்கியமானது. கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் ஐந்தாம் வாரம் முதல் பத்தாம் வாரம் வரை குழந்தையின் இதயம், முதுகுத்தண்டு, கை கால்கள் உருவாகின்றன. நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, பரிசோதித்து உறுதி செய்வதற்குள் அந்தக் காலம் தொடங்கிவிடும். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு என்ற மருந்தால், 1961 இறுதியில் அது திரும்பப் பெறப்படுவதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்தார்கள். அதன் பிறகே, கர்ப்பிணிக்கு மருந்து கொடுக்குமுன் இத்தனை யோசிக்கும் வழக்கம் உலகெங்கும் வந்தது. ஆகவே மாதாந்தர மருந்து எதையேனும் சாப்பிடும் பெண், குழந்தை வேண்டும் என்று முடிவு செய்த நாளிலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

கர்ப்ப காலத்தில் எந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும்?

முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின் இந்தப் பட்டியலில் முதலில் வரும். அதை நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை கருத்தரிக்கக் கூடாது. சொரியாசிஸுக்கான அசிட்ரெட்டினுக்கு அந்த இடைவெளி மூன்று ஆண்டுகள். மெத்தோட்ரெக்சேட்டும் கூடாது. எனாலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் வகை ரத்த அழுத்த மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால், லேபெட்டலால், நிஃபெடிபின், மீத்தைல்டோப்பா ஆகியவற்றில் ஒன்றுக்கு மருத்துவர் மாற்றுவார். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை இருபதாம் வாரத்துக்குப் பின் மருத்துவர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. பனிக்குட நீர் குறையும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமாலையே, தேவையான அளவில், தேவையான நாட்களுக்கு மட்டும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். கடுமையான காய்ச்சலை மருந்தில்லாமல் பொறுத்துக்கொள்வதும் குழந்தைக்கு நல்லதல்ல.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. கர்ப்பம் என்றதும் எல்லா மாத்திரையையும் மாமியார் நிறுத்தச் சொல்லிவிடுவார். வலிப்பு மருந்தை அப்படி நிறுத்திவிட்டு, கிணற்றடியிலோ அடுப்படியிலோ வலிப்பு வந்து விழுந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து குழந்தையின் முதுகுத்தண்டையும் அறிவு வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது என்பது உண்மை. அதனாலேயே கர்ப்பத்துக்கு முன்பே வேறு மருந்துக்கு மாற வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனத்தில் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளைப் பதிவு செய்து தொடர்ந்து கவனிக்கும் பதிவேடு ஒன்று 1998 முதல் நடந்து வருகிறது. மருந்து சாப்பிட்டபடியே பெரும்பாலானவர்கள் நல்ல குழந்தையைப் பெறுகிறார்கள் என்பது அங்கே கண்ட அனுபவம்.

அதே நிறுவனம் உருவாக்கி, 1990-இல் முதன்முதலாகப் பொருத்திய சித்திரா செயற்கை இதய வால்வோடு நம் மாவட்டத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் வாழ்நாள் முழுவதும் சாப்பிடும் வார்ஃபரின் முதல் மூன்று மாதங்களில் குழந்தையைப் பாதிக்கலாம். நிறுத்தினாலோ வால்வில் ரத்தம் உறைந்து தாய்க்கே ஆபத்தாகும். இதை வீட்டில் முடிவு செய்ய முடியாது. பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு தெரிந்த அன்றே இதய மருத்துவரை அழைக்க வேண்டும்.

கர்ப்பிணி தவறாமல் சாப்பிட வேண்டியவை என்ன?

ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்குவது நல்லது. வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அது 5 மி.கி. என்ற அதிக அளவில் எழுதப்படும். நான்காம் மாதம் முதல், 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை 180 நாட்களும், பிள்ளை பெற்ற பின் 180 நாட்களும் அரசு இலவசமாகவே கொடுக்கிறது. வாங்கி அலமாரியில் அடுக்கி வைப்பவர்கள் அதிகம். மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுக்கும் என்ற பேச்சுக்கு எந்த அடிப்படையும் இல்லை. குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பின் போடலாம். சாயாவோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காமல், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்குக் கர்ப்பத்தில் பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். உறுதியானவுடன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தாய் சேய் நல அட்டையில் நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தும் எழுதியிருக்கிறதா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

பால் கொடுக்கும்போது மருந்து சாப்பிடலாமா?

பெரும்பாலான மருந்துகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. கோடீன் கலந்த இருமல் சிரப், டிரமடால், புற்றுநோய் மருந்துகள் ஆகியவை விலக்கு. பேறுகாலத்துக்குப் பின் மூன்று வேளையும் ஊற்றிக் கொடுக்கும் அரிஷ்டத்திலும் மதுச்சாரம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, அளவை வைத்தியரிடம் கேட்டு, பால் கொடுத்து முடித்த பின் குடிப்பதே முறை.

குழந்தைக்குக் காய்ச்சல் சிரப் எவ்வளவு கொடுப்பது?

வயதை வைத்துச் சொல்வது தோராயம். எடையை வைத்தே கணக்கிட வேண்டும். பாராசிட்டமால் என்றால், ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மி.கி. வரை, நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் போகாமல் கொடுப்பார்கள். குப்பியைப் பார்க்காமல் ‘ஒரு மூடி’ என்று சொல்வதில்தான் ஆபத்து இருக்கிறது. ஒரு சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. இருக்கும், இன்னொன்றில் 250 மி.கி. இருக்கும், கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். சொட்டு மருந்தை 120 மி.கி. சிரப்பின் அளவில் கொடுத்தால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். சமையலறைக் கரண்டியால் அளக்காமல், குப்பியோடு வரும் அளவு மூடியாலோ ஊசியில்லாத சிரிஞ்சாலோ அளந்து கொடுங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. டெங்கு சந்தேகம் இருந்தால் பெரியவர்களுக்கும் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் கூடாது; ரத்தக் கசிவு அதிகமாகும். இருமல், சளி மருந்தை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே வேண்டாம் என்று 2025 அக்டோபரில் மத்திய அரசு மீண்டும் அறிவுறுத்தியிருக்கிறது.

காலாவதித் தேதியில் மாதம் மட்டும் இருந்தால்?

அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். ஆனால், தேதி எழுதிய முனையை முதலில் கிழித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து ‘இது நல்லா இருக்குமா?’ என்று கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? தேதி இல்லாத முனையிலிருந்து மாத்திரையை எடுக்கத் தொடங்குங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊர் ஈரத்தில் குளியலறை அலமாரியும் சமையலறை மேடையும் மருந்துக்கு ஏற்ற இடங்கள் அல்ல.

பக்க விளைவு வந்தால் யாரிடம் தெரிவிப்பது?

முதலில் உங்கள் மருத்துவரிடம். அதோடு, இந்திய மருந்து விழிப்புணர்வுத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-இல் நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம். அந்த மருந்தால்தான் வந்தது என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. சந்தேகம் இருந்தாலே போதும். மருந்தின் பெயர், குப்பியில் அல்லது அட்டையில் உள்ள தொகுதி எண், தொடங்கிய நாள், தொந்தரவு வந்த நாள் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். அட்டையைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளைகுடாவுக்குப் போகும்போது மருந்து எடுத்துக்கொண்டு போகலாமா?

ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றின் மருந்துகளைச் சீட்டோடும் கடை ரசீதோடும், அசல் அட்டையிலேயே, கைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். டிரமடால், கோடீன், பிரீகாபலின், தூக்க மாத்திரைகள் போன்றவை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனவர்கள் விமான நிலையத்திலேயே கைதாகியிருக்கிறார்கள். நண்பரின் உறவினருக்கு என்று சொல்லி யாராவது மருந்துப் பொட்டலம் கொடுத்தால் வாங்காதீர்கள். அங்கிருந்து ஊருக்கு அனுப்பும் மாத்திரை டப்பாவின் மேல், எந்த மருத்துவர், யாருக்காக, எதற்காக எழுதியது என்று தமிழில் ஒரு வரி எழுதி ஒட்டிவிடுங்கள். அலமாரியில் அதைப் பார்க்கும் அம்மச்சிக்கு அரபு எழுத்து தெரியாது.